சொல்லிவிட்டால் போயிற்று

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. நண்பர் வீட்டு மொட்டைமாடி அறையில் நாலு பேர். எல்லாருமே கேம் டெவலப்பர்கள். மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்த பெண், திரையில் ஒரு கதவின் முன்னால் 11 நிமிடமாக நின்றுகொண்டிருந்தார். கதவைத் தட்டிப் பார்த்தார், பழைய அறைக்குத் திரும்பிப் போய் ஓர் ஓவியத்தை உற்றுப் பார்த்தார், மறுபடி கதவுக்கே வந்தார். கேமை உருவாக்கிய இளைஞர் சுவரோரம் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் கண் போகும் இடத்தையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது 12-ஆவது நிமிடம். தானாகக் கண்டுபிடிப்பாரா, எரிச்சலில் எழுந்து போய்விடுவாரா என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் அன்றைய கூட்டமே. அப்போது டீ டம்ளரோடு பின்னால் நின்ற இன்னொருவர், போன வாரமே விளையாடி முடித்தவர், குனிந்து, "கீழ தரையைப் பாருங்க" என்றார்.

இளைஞர் நோட்டை மூடினார். "பரவால்லண்ணா, விடுங்க" என்றார். முகம் வேறு சொன்னது.

சொன்னவர் கெட்டவர் இல்லை. உதவி செய்யத்தான் நினைத்தார். ஒருவர் திணறும்போது பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது நமக்கெல்லாம் சிரமம்தான். ஆனால் அந்த மூன்று சொல்லில் ஒரு கதவு திறந்து, மூன்று வார உழைப்பு பாழானது. அந்தப் பெண்ணுக்கு அந்தப் புதிரை இனி முதல்முறையாகக் காட்ட முடியாது. நாளைக்குப் புதிரை மாற்றியமைத்தாலும் அவர் தரையைத்தான் பார்ப்பார்.

இதை ஒரு மாடி அறையின் சின்ன வருத்தமாக எண்ணி நகர முடியவில்லை. வெளிவராத புதிர் விளையாட்டுகளைச் சக டெவலப்பர்கள் பார்த்துக் கருத்துச் சொல்லும் வழக்கம், அந்த விளையாட்டுகள் நன்றாக வருவதற்கு இருக்கும் ஒரே உருப்படியான வழி. அந்த வழியில்தான் ரகசியங்கள் கசிகின்றன. கசிவதைப் பார்த்துப் பயந்தவர்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இரண்டும் சேர்ந்து இந்தக் கலையின் அடிவேரில் கை வைக்கின்றன என்பதை இப்போதே உரக்கச் சொல்லியாக வேண்டும்.

மற்ற கேம்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். ஒரு சண்டை விளையாட்டின் கடைசி எதிரி யார் என்று முன்கூட்டியே தெரிந்தால் கொஞ்சம் சுவை குறையும், அவ்வளவுதான். அவனை அடித்து வீழ்த்தக் கை பழக வேண்டும். அதை யாரும் சொல்லித் தர முடியாது. புதிர் விளையாட்டில் அப்படி மிச்சம் ஒன்றும் இல்லை. 2019-இல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்' விளையாட்டில் ஆயுதம் சேர்ப்பது கிடையாது, பலம் கூடுவது கிடையாது. தொடக்கத்தில் பூட்டியிருந்த கதவைப் பிறகு திறக்க வைப்பது, இடையில் நீங்கள் தெரிந்துகொண்ட ஒரு செய்தி மட்டுமே. செய்தி தெரிந்துவிட்டால் முதல் நாளிலேயே முடிவுவரை போய்விடலாம். விளையாடி முடித்தவர்கள் பலரும், எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து விளையாட ஆசையாக இருக்கிறது என்கிறார்கள். மறக்கத்தான் முடியாதே.

லூகாஸ் போப் 2018-இல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' இன்னும் நல்ல சான்று. ஆளில்லாமல் திரும்பிவந்த கப்பலில் இருந்த 60 பேருக்கும் என்ன ஆயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேரின் கதியைச் சரியாக எழுதினால்தான் சரி என்று ஒத்துக்கொள்ளும். ஒவ்வொருவராக ஊகித்துத் தட்டிப் பார்க்க வழியில்லாமல் செய்த ஏற்பாடு அது. ஊகத்தையே இவ்வளவு கவனமாக வேலி போட்டு நிறுத்திய ஒருவரின் விளையாட்டில், பக்கத்திலிருந்து ஒருவர் "அந்த ஆளோட காலணியைப் பார்" என்றால் என்ன மிஞ்சும்?

நம் பாட்டிமாருக்கு இது தெரிந்திருந்தது. விடுகதை போட்டவர் விடையைச் சும்மா சொல்லமாட்டார். "தோத்துட்டேன்னு ஒத்துக்கோ, சொல்றேன்" என்பார். கேட்பவர் தானாக வாய்விட்டுக் கேட்கும்வரை விடை, விடுகதை போட்டவரின் உடைமை. நடுவில் முந்திரிக்கொட்டைபோல ஒரு பையன் விடையைச் சொல்லிவிட்டால் தலையில் குட்டு விழும். அந்தக் குட்டு இந்தத் தொழிலில் இல்லை என்பதுதான் குறை.

அப்படியானால் யாருக்கும் காட்டாமல் இருக்கலாமே? முடியாது. புதிரைப் போட்டவருக்கு விடை தெரியும். தெரியாதவரின் கண்ணால் அதைப் பார்க்க அவரால் ஒருநாளும் இயலாது. அவருக்கு வெட்டவெளிச்சமாகத் தெரியும் துப்பு மற்றவருக்குக் கும்மிருட்டாக இருக்கும். அவர் கஷ்டம் என்று நினைத்ததைப் பத்து வயதுப் பிள்ளை அரை நிமிடத்தில் முடிக்கும். ஆகவே புதிய கண்கள் வேண்டும். அந்தக் கண்களோ தீக்குச்சி மாதிரி: ஒரு தடவைதான். அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் 1981 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் 'மிஸ்டரி ஹன்ட்' என்ற மாபெரும் புதிர்வேட்டை நடக்கிறது. ஜெயித்த அணிதான் அடுத்த ஆண்டுக்கான புதிர்களை உருவாக்க வேண்டும். அப்படி உருவாக்கும்போது தங்கள் அணியிலேயே யார் எந்தப் புதிரைப் பார்த்துவிட்டார்கள், யார் இன்னும் பார்க்கவில்லை என்று கணக்கு வைத்துக்கொண்டு, பார்க்காதவர்களைச் சேமித்துச் சேமித்துச் செலவழிப்பார்கள். காசை எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்தின் சிக்கனம் அது. தனியாக உட்கார்ந்து கேம் செய்யும் ஒருவருக்கு அப்படிச் செலவழிக்க அதிகம் போனால் ஆறேழு பேர்தான் இருப்பார்கள்.

இந்த ஆறேழு பேர் பெரும்பாலும் சக டெவலப்பர்கள். ஆபத்து தொடங்குவதும் அங்கேதான். சாதாரண விளையாட்டாளர் திரையை மட்டும் பார்ப்பார். தொழில்காரர் திரைக்குப் பின்னால் பார்ப்பார். சமையல்காரருக்குச் சாப்பாடு போட்டால் அவர் நாக்கில் வைத்ததும் என்ன மசாலா என்று தேடுவதுபோல, இவருக்குக் கையில் பில்ட், அதாவது ஓட்டிப் பார்க்கும் கேம் கோப்பு, வந்ததுமே "இதை எப்படிச் செய்தான்?" என்று அரிக்கும். யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் செய்து அப்படியே கட்டிக் கொடுத்த கேம் என்றால் டிஎன்ஸ்பை போன்ற கருவியில் போட்டதும் கோட் கிட்டத்தட்ட எழுதியவர் எழுதியபடியே விரிந்துவிடும். 'பொய்ச்சுவர்' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்த ஒரு மாறி, 'ரகசிய முடிவு 3' என்ற ஒரு கோப்பு, தேதிவாரியாக அடுக்கிய வசனங்கள் எல்லாம் கண்முன்னே. கொடோ எஞ்சினில் செய்த கேமின் பிசிகே பொட்டலத்தைப் பிரிக்கவும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலோர் திருட நினைத்துப் பிரிப்பதில்லை. கற்றுக்கொள்ள, ரசிக்க, சில நேரம் ஒரு பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்து உதவவும்கூடப் பிரிக்கிறார்கள். பிரித்தபின் அவர் எழுதி அனுப்பும் "எனக்கு மூன்றாவது அறை சுலபமாக இருந்தது" என்ற கருத்துக்கு என்ன மதிப்பு? உருவாக்கியவர் அதை நம்பி அறையைக் கடினமாக்குவார். வெளிவந்த பிறகு விளையாட வருபவர் அங்கேயே விட்டுவிட்டுப் போவார்.

இதைவிடச் சில்லறையான ஓட்டைகள் பல. பிழையைக் காட்ட எடுத்த ஸ்கிரீன்ஷாட்டின் மூலையில் விடை தெரிகிறது. அது முப்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் விழுகிறது. பிளேடெஸ்ட் வீடியோ யாருக்கும் தெரியாத இணைப்பு என்று நினைத்துப் பதிவேற்றப்படுகிறது. இணைப்பைக் கையில் வைத்திருப்பவரெல்லாம் பார்க்கலாம். சாதனைப் பட்டியலில் ஆர்வக்கோளாறில் வைத்த ஒரு பெயர், இரண்டாவது முடிவு ஒன்று இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. விடை இன்னதென்று தெரிய வேண்டியதே இல்லை, விடை ஒன்று இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி போயிற்று. ரகசிய அறை இருப்பதை அறிந்தவன் சுவரையெல்லாம் தட்டிக்கொண்டேதான் நடப்பான்.

புதிதாக முளைத்திருக்கும் ஓட்டை ஒன்று. மாட்டிக்கொண்ட இடத்தைப் படம் பிடித்து ஏஐ செயலியில் போட்டு "இதற்கு என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கும் பழக்கம். வெளிவராத ஒருவரின் சரக்கு அவரைக் கேட்காமல் இன்னொரு நிறுவனத்தின் கணினிக்குப் போவது ஒரு தவறு. தான் யோசித்ததாக நினைத்துக்கொண்டு கருத்துச் சொல்வது அதைவிடப் பெரிய தவறு. இதைச் செய்கிறவர்களுக்கு இது தவறு என்றே தோன்றுவதில்லை என்பதால்தான் இங்கே குறிப்பிடுகிறோம்.

ரகசியம் எதிரியின் வழியாகப் போவது குறைவு, பக்கத்து மனிதர் வழியாகப் போவதே அதிகம் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1979-இல் கிட் வில்லியம்ஸ் என்ற ஆங்கில ஓவியர் 'மாஸ்கரேட்' என்ற படப்புத்தகம் வெளியிட்டார். படங்களுக்குள் ஒளித்த துப்புகளைத் தொடர்ந்தால், இங்கிலாந்தில் ஓரிடத்தில் புதைத்த தங்க முயல் கிடைக்கும். புதைத்தபோது சாட்சிக்கு பேம்பர் காஸ்கோயின் என்ற தொலைக்காட்சிப் பிரமுகர் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டார். அவர் வாயைத் திறக்கவில்லை. நாடே மண்வெட்டியோடு அலைந்தது. 1982-இல் முயல் கிடைத்தது. 1988-இல்தான் உண்மை வெளியே வந்தது: கண்டெடுத்தவருக்குத் துப்பு போன வழி வேறு. அவருடைய கூட்டாளியின் துணைவி ஒருகாலத்தில் வில்லியம்ஸுடன் வாழ்ந்தவர். புதிரின் விடை அவருக்குத் தெரியாது. வில்லியம்ஸுக்குப் பிடித்த இடம் ஆம்ப்ட்ஹில் பூங்கா என்பது தெரியும். அதுவே போதுமாக இருந்தது. முறையாகப் புதிரை அவிழ்த்த இரண்டு ஆசிரியர்கள் கை நீட்டும் தூரத்தில் தவறவிட்டார்கள்.

மறுபக்கத்துக் கதையும் உண்டு. வாரன் ராபினெட் அட்டாரி நிறுவனத்துக்காக எழுதி 1980-இல் வெளியான 'அட்வெஞ்சர்' விளையாட்டில், ஒரே ஒரு புள்ளியை எடுத்துப்போனால் மட்டும் திறக்கும் அறையில் தன் பெயரை ஒளித்துவைத்தார். உருவாக்கியவர்களின் பெயரை அட்டாரி வெளியிடாத காலம் அது. கூட வேலை பார்த்த ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை. வேலையை விட்டுப் போன பிறகு, சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஒரு பையன் எழுதிய கடிதம்தான் நிறுவனத்துக்கே செய்தி சொன்னது. வீரமான கதைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஒரு குறும்பு. தேடாதவருக்கும் விளையாட்டு முழுமையாகவே இருந்தது. முழு விளையாட்டையும் அப்படி மார்போடு அணைத்துக்கொண்டு யாருக்கும் காட்டாமல் செய்ய முடியாது.

காட்டாமல் செய்தால் என்ன ஆகும் என்று யோசிக்கும்போது 2012-இல் வந்த 'ஃபெஸ்' நினைவுக்கு வருகிறது. அதன் கடைசிப் புதிரான கருங்கல்லை உலகெங்கும் இருந்த விளையாட்டாளர்கள் ஒன்றுசேர்ந்து சில நாளில் திறந்தார்கள். துப்பை அவிழ்த்துத் திறக்கவில்லை. பொத்தான்களின் சேர்க்கைகளை வேலை பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துத் திறந்தார்கள். ஏன் அது விடை என்று விளையாட்டாளர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட விளக்கம் கிடைக்கவே இல்லை. அந்தப் புதிரை முன்கூட்டி எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது நம் விவாதமில்லை. வெளியே ஒருவராலும் நேர்வழியில் அவிழ்க்க முடியாத புதிரைச் சுத்தியலால் உடைப்பார்கள். அப்படி உடைவது யாருக்கும் நல்லதில்லை.

சட்டம் காப்பாற்றுமா? ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கலாம். மீறினால் எந்த நீதிமன்றத்தில், எந்த வக்கீலை வைத்து? கசியவிட்ட ஸ்கிரீன்ஷாட்டுக்கு நஷ்ட ஈடு எவ்வளவு? பதிப்புரிமைச் சட்டம் எழுத்தையும் படத்தையும் பாதுகாக்கும், யோசனையைப் பாதுகாக்காது. 2014 பிப்ரவரியில் வந்த 'த்ரீஸ்' விளையாட்டைச் செய்ய அதன் படைப்பாளிகளுக்கு 14 மாதம் பிடித்தது. அடுத்த மாதமே '2048' வந்து உலகத்தின் கைபேசியையெல்லாம் பிடித்துக்கொண்டது. வெளிவந்த விளையாட்டுக்கே இந்தக் கதி. வெளிவராததற்கு அதன் ரகசியத்தைத் தவிர வேறு வேலி இல்லை.

ஆகவே வேலியை அவரவரே கட்ட வேண்டும். முதல் வேலை, முழு கேமையும் பில்ட்டில் வைத்துக் கொடுப்பதை நிறுத்துவது. மூன்றாவது அத்தியாயத்தைச் சோதிக்கக் கூப்பிடுகிறவருக்கு ஏழாவது அத்தியாயத்தின் கோப்புகள் எதற்கு? பூட்டி வைத்திருக்கிறேன் என்பது பதில் ஆகாது. இல்லாததை மட்டும்தான் யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டாவது, விடையைக் கோடுக்குள் எழுதி வைக்காதிருப்பது. விடையின் கைரேகையை, அதாவது ஹாஷை மட்டும் வைத்துக்கொண்டு, விளையாடுபவர் தருவதன் கைரேகையோடு ஒப்பிடலாம். அடுத்த அறையின் படங்களை அந்த விடையையே சாவியாக வைத்துப் பூட்டலாம். பில்லி பாஸோ ஏழாண்டு தனியாக உழைத்து 2024 மே மாதம் வெளியிட்ட 'அனிமல் வெல்' விளையாட்டில், கோப்புகளைத் தோண்டுபவர்களை மனதில் வைத்தே ரகசியங்களை மறைகுறியாக்கி வைத்தார். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. விடை நான்கு இலக்க எண் என்றால் மொத்தம் 10,000 சேர்க்கைதான். எட்டுத் தடவை நான்கு திசையில் நகர்வது என்றால் 65,536. கணினிக்கு இது ஒரு கொட்டாவி விடும் நேரம். சின்ன விடைக்குப் பெரிய பூட்டு போட்டுப் பயனில்லை.

யூனிட்டியில் செய்கிறவர்கள் சோதனை பில்ட்டையும், எழுதிய கோட் எளிதில் விரியாதபடி மாற்றும் ஐஎல்டூசிபிபி வழியாகக் கட்டலாம். உடைக்க முடியாததாகிவிடாது, அரைமணி நேர ஆர்வத்துக்குத் தாங்கும். ஒவ்வொருவர் பில்ட்டிலும் அவர் பெயரைத் திரையின் மூலையில் மங்கலாகப் போட்டு வையுங்கள். பிடிப்பதற்காக இல்லை, ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் விரல் ஒரு கணம் நிற்பதற்காக.

இவையெல்லாம் பூட்டுகள். பூட்டைவிடப் பெரிய வேலை பார்ப்பவர்கள் பக்கம் இருக்கிறது. விளையாடி முடித்தவர் அடுத்தவரிடம் பேச்சைத் தொடங்கும் முன் "எதுவரை வந்திருக்கீங்க?" என்று கேட்க வேண்டும். கேமின் கோடைத் திறந்து பார்த்திருந்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சொன்னால் உருவாக்கியவர் அந்தக் கருத்தை அதற்கேற்ப எடுத்துக்கொள்வார், மறைத்தால் ஏமாறுவார். விடை தெரிந்துவிட்டவர் சோதனை அறையைவிட்டு வெளியே போய் டீ குடிக்க வேண்டும். இது மரியாதைக் குறைவு இல்லை. அறுவைச் சிகிச்சை அறைக்குள் செருப்போடு போகாததைப் போன்ற ஒரு வழக்கம், அவ்வளவே.

பேசவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பேச ஓர் அறை வேண்டும் என்கிறோம். ஆண்ட்ரூ ஷோல்டிஸின் 'டியூனிக்' 2022 மார்ச்சில் வருவதற்குமுன் விமர்சகர்களுக்கென்று ஒரு டிஸ்கார்ட் அறை இருந்தது. மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயே ஒருவரையொருவர் கேட்டு நகர்ந்தார்கள். பள்ளிக்கூட மரத்தடியில் பிள்ளைகள் கூடிக் கேம் ரகசியம் பேசிய காலம் திரும்பியதுபோல் இருந்தது அது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் வாய்கள் கூடும் இடத்துக்குச் சுவர் எழுப்ப முடியும்.

விருதுக் குழுக்களும் தங்கள் பங்கை உணர வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் விருது வழங்கும் சுயாதீன விளையாட்டு விழாவான ஐஜிஎஃப், வெளிவராத விளையாட்டுகளையும் ஏற்றுக்கொள்கிறது. அவற்றைப் பார்க்கும் நடுவர்களில் பலர் சக படைப்பாளிகளே. 'ஃபெஸ்' அங்கே காட்சிக் கலைக்கான பரிசை வாங்கியது 2008-இல், வெளிவந்தது நான்கு ஆண்டு கழித்து. 'அவுட்டர் வைல்ட்ஸ்' பெரும்பரிசு வாங்கியது 2015-இல், முழுமையாக வெளிவந்தது 2019-இல். நான்கு ஆண்டு என்பது ஒரு ரகசியம் ஊர் சுற்றப் போதுமான காலம். தமிழ் அம்மா ஒருத்தியின் சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்லி அவிக்கச் சொல்லும் 'வெண்பா', டொரண்டோவில் உருவாகி, 2024-இல் அதே பெரும்பரிசை வாங்கியபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். அடுத்த 'வெண்பா'வை நம்மூரில் யாராவது ஒருவர் இப்போது செய்துகொண்டிருக்கலாம். அதை அனுப்பும்போது, நடுவர் கையில் அது எத்தனை நாள் இருக்கும், எப்போது அழிக்கப்படும், நடுவர் அதைப் பற்றி எங்கே பேசலாம் என்று விதிமுறையில் தெளிவாக நாலு வரி எழுதியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை இல்லை.

மொட்டைமாடி இளைஞரிடம் இரண்டு நாள் கழித்துப் பேசினோம். தரைப் புதிரை எடுத்துவிட்டாராம். அது நல்ல புதிரா என்று இனி தனக்குத் தெரியப்போவதில்லை என்றார். வெளியீட்டுக்கு நான்கு மாதம் இருக்கிறது, சோதிக்க இன்னும் ஒன்பது அறை இருக்கிறது. புதிய கண்ணோடு பார்க்க அவருக்கு மிச்சம் இரண்டே பேர்.